"எங்களோட வா" என்று சொல்லவைக்கும் கதைகள்: தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு

"எல்லாரோடயும் சேர்ந்து விளையாடணும், யாரையும் ஒதுக்கக் கூடாது" என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் "சரிங்க டீச்சர்" என்று ஒரே குரலில் சொல்வார்கள். மணி அடித்ததும் மைதானத்துக்குப் போய் "நீ ஆட்டத்துக்கு வராத" என்று ஒருத்தனை விரட்டிவிடுவார்கள். வகுப்பில் சொன்னதும் பொய் இல்லை, வெளியே செய்வதும் வேண்டுமென்றே செய்வது இல்லை. நட்பாக இருப்பது என்றால் அந்த நேரத்தில் வாயைத் திறந்து என்ன சொல்ல வேண்டும், உடம்பை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் செய்து காட்டியதில்லை, அவ்வளவுதான்.

இதைச் செய்து காட்டத் தேவதைக் கதைகளைப் போல வசதியானது வேறொன்று எனக்குத் தெரியவில்லை. தேவதைக் கதை என்று நான் சொல்வதில் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்தவை, டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் எழுதியவை, பஞ்சதந்திரம், பாட்டி சொன்ன விலங்குக் கதை எல்லாமே அடக்கம். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, கழுதை பேசினால் போதும். இந்தக் கதைகளில் பெரும்பாலும் ஓர் இடம் வரும்: ஒருவர் வெளியே நிற்பார், உள்ளே இருப்பவர்கள் அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு மேற்கொண்டு பேசுவதையும் நடிப்பதையும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். நான் சொல்லப்போவது இந்த ஒரு விஷயத்தைத்தான், மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

கடைசியில் "இக்கதையின் நீதி" என்று எழுதிப்போடும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நீதி என்று கரும்பலகையில் எழுதியதும் பிள்ளைகள் நோட்டை எடுத்துக் காப்பி பண்ண ஆரம்பித்துவிடுவார்கள், கதை அங்கேயே பரீட்சைக் கேள்வியாகிவிடும்.

முதல் கதையாக எதை எடுப்பது

ஒன்று, இரண்டாம் வகுப்பு என்றால் உக்ரைன் நாட்டுக் கையுறைக் கதையில் தொடங்குங்கள். பனிக்காட்டில் நடந்துபோகும் தாத்தா ஒரு கம்பளிக் கையுறையைத் தவறவிடுகிறார். குளிருக்கு ஒதுங்க எலி அதற்குள் புகுந்துகொள்கிறது. அப்புறம் தவளை வருகிறது, முயல் வருகிறது, நரி, ஓநாய், காட்டுப்பன்றி, கடைசியில் கரடி. ஒவ்வொன்றும் "உள்ளே யாரு? நானும் வரலாமா?" என்று கேட்க, உள்ளே இருப்பவை நெருக்கிக்கொண்டு இடம் கொடுக்கின்றன. கடைசியில் தாத்தா கையுறையைத் தேடிக்கொண்டு நாயோடு திரும்பி வருகிறார், நாய் குரைத்ததும் எல்லாம் ஓடிவிடுகின்றன. இவ்வளவுதான் கதை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கையுறையும் பனியும் பழக்கமில்லையே என்று யோசிக்க வேண்டாம், ஒரு மங்கி கேப்பைக் கையில் மாட்டிக் காட்டி "ஊட்டியை விடப் பல மடங்கு குளிரு" என்றால் புரிந்துகொள்வார்கள்.

தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள், நான்கு பேர் தாராளமாக நிற்கிற அளவுக்கு. அதுதான் கையுறை. எலியாக ஒரு பிள்ளை உள்ளே போகட்டும். அடுத்த பிள்ளை வெளியே நின்று கேட்க வேண்டும், உள்ளே இருப்பவர் "வா, இடம் இருக்கு" என்று சொல்ல வேண்டும். இங்கே ஒரே ஒரு விதியைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்: வருகிறவர் இடிக்கக் கூடாது, உள்ளே நிற்பவர்தான் முதலில் நகர வேண்டும். கவனித்துப் பாருங்கள், பெரும்பாலான பிள்ளைகள் வாயால் "வா" என்று சொல்லிவிட்டு, கால் இருந்த இடத்திலேயே இருக்கும். நகரவில்லை என்றால் மறுபடியும் அதே காட்சி. சிரித்துக்கொண்டே திரும்பச் செய்வார்கள், அதற்குள் அந்த அசைவு உடம்பில் பதிந்துவிடும். பெஞ்சில் "தள்ளு" என்று சொல்கிற பிள்ளைக்கும் தானாகத் தள்ளி உட்காருகிற பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

கரடி வரும்போது நிஜமாகவே இடம் இருக்காது. அங்கே நிறுத்துங்கள். "இப்ப என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். "எலி கரடி தோள்ல ஏறிக்கட்டும்", "மாத்தி மாத்தி உள்ள வரலாம்", "வட்டத்தைப் பெருசா போடுங்க டீச்சர்" என்று வரும். "கரடியைப் போகச் சொல்லலாம்" என்றும் ஒரு குரல் வரும், அதையும் மற்றதைப் போலவே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையையே கரடியிடம் அனுப்பி, "நீயே போய்ச் சொல்லு" என்று நடிக்க விடுங்கள். எதிரே நிற்கிற முகத்தைப் பார்த்துச் சொல்ல வரும்போது வார்த்தை தானாக மாறும். மாறாவிட்டாலும் பரவாயில்லை, கரடியாக நிற்பவரிடம் "உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு மேலே போங்கள்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்காரும்போது, தட்டோடு நிற்கிற ஒரு பிள்ளையைக் காட்டி "உள்ளே யாரு?" என்று நீங்கள் கேட்டால் போதும். காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கியதிலிருந்து அரசுப் பள்ளிகளில் காலையிலும் பிள்ளைகள் வரிசையாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், கதையில் பழகியதைச் செய்துபார்க்க அதைவிட இயல்பான இடம் கிடையாது. யார் யார் பக்கத்தில் உட்காருவதில்லை என்பதும் அங்கேதான் பளிச்சென்று தெரியும். அதன் காரணம் சில ஊர்களில் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வருவது என்று நமக்கு நன்றாகவே தெரியும். சாதியைப் பற்றி ஏழு வயதுப் பிள்ளையிடம் பிரசங்கம் செய்வதைவிட, அதே பிள்ளை தினமும் ஒருத்தருக்கு நகர்ந்து இடம் கொடுத்துப் பழகுவது உறுதியான தொடக்கம் என்று நான் நம்புகிறேன்.

கழுதை என்ன கேட்டது

இரண்டு, மூன்றாம் வகுப்புக்கு எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியின் பிரேமன் நகர இசைக்கலைஞர்கள் கதை. கிரிம் சகோதரர்கள் இதை 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார்கள். வயதாகிவிட்டது என்று விரட்டப்படுவதற்குள் தானே கிளம்பிவிடும் ஒரு கழுதை, பிரேமன் ஊருக்குப் போய்ப் பாட்டுக்காரனாகலாம் என்று நடக்கிறது. வழியில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கும் நாய், எலி பிடிக்க முடியாததால் கொல்லப் பார்த்த எஜமானியிடமிருந்து தப்பி வந்த பூனை, மறுநாள் சூப்பில் போகப்போகும் சேவல் என்று ஒவ்வொருவராகச் சேர்கிறார்கள். இரவில் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்று கத்தித் திருடர்களை விரட்டி, அந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். கடைசிவரை பிரேமனுக்குப் போய்ச் சேரவே இல்லை! ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் 1953-ல் நான்கு விலங்குகளும் ஒன்றன்மேல் ஒன்று நிற்பதுபோல ஒரு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள், அதன் படம் கிடைத்தால் காட்டுங்கள், கழுதையின் முன்னங்கால்கள் மக்கள் தொட்டுத் தொட்டுப் பளபளப்பாகியிருக்கும்.

இந்தக் கதையில் பிள்ளைகள் கற்க வேண்டியது கழுதையின் பேச்சு. யாரைப் பார்த்தாலும் அது இரண்டே காரியம் செய்கிறது. முதலில் "என்னாச்சு, ஏன் இப்படி இருக்க?" என்று கேட்கிறது, பதிலை முழுசாகக் கேட்ட பிறகு "எங்களோட வா" என்கிறது. அவ்வளவுதான். கூடவே, வந்தால் என்ன செய்யலாம் என்றும் சொல்கிறது: நாய்க்கு மேளம், பூனைக்கு ராத்திரிக் கச்சேரி. வெறுமனே கூப்பிடுவதோடு நிற்காமல் ஒரு வேலையும் கொடுக்கிறது பாருங்கள், அது முக்கியம். நம் ஊர் ஆட்டங்களில் சின்னப் பிள்ளையை "உப்புக்குச் சப்பாணி" என்று சும்மா பெயருக்குச் சேர்த்துக்கொள்வார்களே, அவுட்டும் கிடையாது, பாயிண்டும் கிடையாது. அப்படிச் சேர்ந்த பிள்ளைக்குத் தான் ஆட்டத்தில் இல்லை என்பது நன்றாகத் தெரியும்.

நான்கு பேர் நடிக்கட்டும், மற்றவர்கள் வழியில் இருக்கும் மரங்கள். ஒவ்வொரு விலங்கும் தன் சோகத்தைத் தானே கற்பனை செய்து சொல்ல வேண்டும், புத்தகத்தில் இருப்பதைச் சொல்லக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது "என்னை யாரும் கபடிக்குச் சேர்த்துக்கல" என்று பூனை சொல்லும். பூனை வாயில் அந்த வார்த்தை வந்தால் அது யாருடைய சோகம் என்று கேட்காதீர்கள், வகுப்பு முன்னால் அதைத் தோண்டவே வேண்டாம். மனதில் குறித்துக்கொண்டு பிறகு தனியாகப் பேசுங்கள்.

திருப்பூர், சென்னைப் புறநகர் மாதிரி இடங்களில் வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகளாவது பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர்களாக இருப்பார்கள், தமிழ் சரியாக வராததால் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கென்றே செய்த கதை இது. "உங்க ஊர்ல சேவல் எப்படிக் கூவும்?" என்று கேளுங்கள். இந்தி பேசுகிற பிள்ளை "குக்டூ கூ" என்பான், நம் பிள்ளைகள் "கொக்கரக்கோ" என்பார்கள், நாய்க்கு "பௌ பௌ" என்று ஒரு பக்கம், "வள் வள்" என்று மறுபக்கம். வகுப்பே அதிரும், பக்கத்து வகுப்பு சாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். திருடர்களை விரட்டும் காட்சியில் அந்தப் பிள்ளையின் சேவல் குரல்தான் எல்லாருக்கும் தேவைப்படும். அதற்குப் பிறகு மைதானத்தில் அவனைக் கூப்பிடப் பிள்ளைகளுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும், "டேய் குக்டூ கூ, வாடா" என்று. அதுவே நிரந்தரப் பட்டப்பெயராகிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஓரிரு நாளில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பழக்குங்கள்.

அழகற்ற வாத்துக்குஞ்சு பற்றி ஓர் எச்சரிக்கை

ஆண்டர்சன் 1843-ல் வெளியிட்ட இந்தக் கதையைத்தான் நட்புக்கும் கேலிக்கும் எல்லாரும் முதலில் எடுக்கிறார்கள். அருமையான கதை, ஆனால் அப்படியே சொன்னால் தப்பான இடத்தில் போய் முடியும். கேலி செய்யப்பட்ட குஞ்சு கடைசியில் அன்னமாகிறது, அழகாகிறது, எல்லாரும் பாராட்டுகிறார்கள். வகுப்பில் கறுப்பாக, குண்டாக, திக்கித் திக்கிப் பேசுகிற ஒரு பிள்ளை இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளும்? நானும் ஒருநாள் அழகாக மாறினால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்றுதானே?

அதனால் நடுவில் வரும் குடிசைக் காட்சியில் கதையை நிறுத்துங்கள். ஒரு பாட்டி வீட்டில் பூனையும் கோழியும் இருக்கும், குஞ்சு அங்கே போய்ச் சேரும். கோழி கேட்கும்: "உனக்கு முட்டை போடத் தெரியுமா?" தெரியாது. "அப்ப வாயை மூடு." பூனை கேட்கும்: "உனக்கு முதுகை வளைக்கத் தெரியுமா, என்னை மாதிரி உறுமத் தெரியுமா?" தெரியாது. இதைவிடச் சரியாக ஒரு வகுப்பறையை யாரும் படம்பிடித்துக் காட்ட முடியாது. உனக்கு வேகமாக ஓடத் தெரியுமா, உன்கிட்ட ஸ்கெட்ச் பேனா செட் இருக்கா, உனக்கு இங்கிலீஷ் வருமா என்று நம் பிள்ளைகள் கேட்பதெல்லாம் இந்தக் கேள்விதான். இங்கே நிறுத்தி, "கோழி வேற என்ன கேட்டிருக்கலாம்?" என்று விடுங்கள். "உனக்கு என்ன பிடிக்கும்?", "உனக்குப் பசிக்குதா?", "நீச்சல் எப்படி இருக்கும்னு சொல்றியா?" என்று வருகிற கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். அன்று முழுக்க அழிக்காமல் இருக்கட்டும். மறுநாள் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, வழக்கமாகப் பேசிக்கொள்ளாத ஜோடியாகப் பார்த்து, அந்தக் கேள்விகளை ஒருவரையொருவர் கேட்கச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தாராளமாக முடியும்.

அன்னமாக மாறும் முடிவை மறுநாள் சொல்லுங்கள். சொன்ன பிறகு "அது அன்னமா மாறாம சாம்பல் கலர் வாத்தாவே இருந்திருந்தா?" என்று கேளுங்கள். நல்ல விவாதம் வரும்.

பெரிய பிள்ளைகளுக்குப் பஞ்சதந்திரம்

நான்கு, ஐந்தாம் வகுப்பில் ஒதுக்குவது சத்தமில்லாமல் நடக்கும். "அவ உன்னப் பத்தி இப்படிச் சொன்னா தெரியுமா" என்று ஒரு வாக்கியம் போதும், இரண்டு பேர் காய் விட்டுக்கொண்டு மாசக்கணக்கில் பேசாமல் இருப்பார்கள். இதற்குப் பஞ்சதந்திரத்தின் முதல் பகுதியான மித்திரபேதம், அதாவது நண்பர்களைப் பிரிப்பது, இருக்கிறது. தாண்டவராய முதலியார் 1826-லேயே மராத்தியிலிருந்து தமிழ் உரைநடைக்குக் கொண்டுவந்த நூல் இது, இன்று எளிய சிறுவர் பதிப்புகள் எல்லாக் கடையிலும் கிடைக்கும். சிங்கமும் சஞ்சீவகன் என்ற காளையும் உயிர் நண்பர்கள். நரி சிங்கத்திடம் போய் "காளை உங்களைக் கொல்லப் பார்க்கிறது" என்கிறது, காளையிடம் போய் "சிங்கம் உன்னைத் தின்னப் பார்க்கிறது" என்கிறது. இரண்டும் சண்டையிட, காளை சாகிறது.

நரி சிங்கத்தின் காதில் ஓதி முடிக்கிற இடத்தில் நிறுத்துங்கள். ஒரு பிள்ளை சிங்கம், ஒரு பிள்ளை காளை, எதிரெதிரே நிற்கட்டும். "சிங்கம் காளையிடம் நேரில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம், என்ன கேட்கும்?" கேள்வியின் தொனிதான் இங்கே பாடம். "நீ என்னைக் கொல்லப் பாக்குறியாமே!" என்று எகிறினால் காளையும் எகிறும். "ஒருத்தர் இப்படிச் சொன்னாங்க, எனக்குக் கஷ்டமா இருந்துச்சு, உண்மையா?" என்று கேட்டால் காளைக்குப் பதில் சொல்ல வழி கிடைக்கும். இரண்டு விதமாகவும் நடித்துப் பார்க்கட்டும். வகுப்பில் நிஜமாகவே காய் விட்டிருக்கும் இருவரை இந்த வேடங்களுக்குப் போடாதீர்கள், அது அவர்களைக் கூண்டில் ஏற்றுவது மாதிரி ஆகிவிடும். பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், மத்தியானமே போய்க் கேட்டுக்கொள்வார்கள், சில சமயம் அடுத்த வாரம்.

நட்பைப் பெறுவதைச் சொல்லும் இரண்டாவது பகுதியான சுகிர்லாபத்தில் காகம், எலி, ஆமை, மான் நான்கும் சேர்கிற கதை நேர்மாறானது. வேடன் கையில் ஒருவர் மாட்டும்போது மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேலை செய்து காப்பாற்றுகிறார்கள். குழு வேலை கொடுப்பதற்கு முன்னால் இதைச் சொல்லலாம். குரங்கும் முதலையும் கதையையும் விடாதீர்கள். முதலை நண்பன்தான், ஆனால் குரங்கின் ஈரல் வேண்டும் என்கிறது. நட்பாக இருப்பது என்றால் யார் எதைக் கேட்டாலும் சரி சரி என்று தலையாட்டுவது என்று சில சாதுவான பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கும், அவர்களுக்கு இந்தக் கதை தேவை. வலிக்கவைக்கிற ஆளிடமிருந்து விலகி வரலாம், டீச்சரிடம் சொல்லலாம் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தால்தான் நம் வேலை முழுமையாகும்.

வேடம் கொடுக்கும்போது

இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சேட்டைக்காரப் பையனுக்கே எப்போதும் ஓநாய், நிறமான பிள்ளைக்கே ராஜகுமாரி, கறுப்பான பிள்ளைக்கே அரக்கி என்று பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் இன்னமும் நடக்கிறது. நட்பைக் கற்றுத்தருகிறேன் என்று கதை சொல்லிவிட்டு, அந்த வேடத்தாலேயே ஒரு பிள்ளையை ஒதுக்கினால் கதை சொன்னதற்கு அர்த்தமே இல்லை. சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஒரே காட்சியை ஆட்களை மாற்றி மூன்று முறை நடிக்கவிடுங்கள், வெளியே நின்றவர் உள்ளே வரட்டும், உள்ளே இருந்தவர் வெளியே நிற்கட்டும். வகுப்பில் சித்தியிடம் வளர்கிற பிள்ளை இருந்தால் கொடுமைக்காரச் சித்தி வருகிற கதைகளைத் தவிர்த்துவிடுங்கள், நட்புக்கு வேறு எத்தனையோ கதை இருக்கிறது.

புத்தகத்தைப் பார்த்து வாசிக்காமல் வாயால் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம், நாற்பது நிமிடப் பீரியடில் மீதி நேரம் முழுக்கப் பிள்ளைகளுடையது. ஒரு பிள்ளையை "உம்" கொட்ட வையுங்கள், பாட்டி கதை சொல்லும்போது நாம் கொட்டினோமே அது மாதிரி. வாய் திறந்து பேசவே பேசாத பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பேச வேண்டியதில்லை, ஆனால் அவள் "உம்" கொட்டினால்தான் கதை நகரும். பயன் இருக்கிறதா என்று பார்க்க டெஸ்ட் எதுவும் வைக்காதீர்கள், இடைவேளையில் யார் தனியாக நிற்கிறார்கள் என்று வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பெயர் தொடர்ந்து வந்தால் அடுத்த கதையை அந்தப் பிள்ளையை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

கொஞ்ச நாள் போனதும் பிள்ளைகளையே கதை சொல்லச் சொல்லுங்கள். சிகாகோவில் மழலையர் வகுப்பு ஆசிரியராக இருந்த விவியன் கசின் பேலி இதைத்தான் செய்தார்: பிள்ளை சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதிக்கொள்வது, பிறகு வகுப்பே சேர்ந்து அதை நடிப்பது. "நீ விளையாட வரக் கூடாது என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது" என்ற ஒரு விதியைத் தன் வகுப்பில் கொண்டுவந்தவரும் அவர்தான். கொண்டுவருவதற்கு முன்னால் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடமெல்லாம் போய் இது நியாயமா, நடக்குமா என்று கேட்டார், கூடவே தன் வகுப்புக்குத் தானே ஒரு பறவைக் கதையைக் கட்டித் தொடர்ந்து சொல்லிக்கொண்டும் வந்தார். விதியும் கதையும் கைகோத்துப் போன அந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். நம்மிடம் நாற்பது பிள்ளைகள் இருக்கும், எல்லார் கதையையும் எழுத முடியாது, அதனால் நாளைக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தாறு வரி போதும். பிள்ளை சொன்னபடியே, பேச்சுத் தமிழாக இருந்தாலும் திருத்தாமல் எழுதுங்கள், சொன்னவர் பெயரை மேலே போடுங்கள், யார் யார் நடிக்க வேண்டும் என்று அவரையே கூப்பிடச் சொல்லுங்கள். தன் தோழர்களை மட்டுமே கூப்பிட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆடு, ஒரு மழை, ஒரு பஸ் என்று நீங்கள் கூடுதல் வேடம் கேளுங்கள். அதற்கு ஆள் தேட அந்தப் பிள்ளை வகுப்பின் மற்றப் பக்கமும் போய்த்தான் ஆக வேண்டும்.